அடைத்த பல் மீண்டும் சொத்தையாவது ஏன்?

மூன்று ஆண்டுகளுக்கு முன் அடைத்த என் கடைவாய்ப்பல் போன மாதம் மீண்டும் வலித்தது. “அடைப்பு நன்றாகத்தான் இருக்கிறது, அதன் ஓரத்தில்தான் புதுச் சொத்தை” என்றார் பல் மருத்துவர். பழைய அடைப்பை எடுத்து, பல்லை இன்னும் கொஞ்சம் குடைய வேண்டியதாயிற்று. இப்படி ஒவ்வொரு முறையும் இழப்பது சொந்தப் பல்லை!

பல் நிறத்தில் வைக்கும் பிசின், நீல ஒளி பட்டு இறுகும்போது சற்றுச் சுருங்குகிறது. அப்போது விழும் நுண்ணிய இடைவெளியில் ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்’ போன்ற பாக்டீரியாக்கள் குடியேறி, நாம் உண்ணும் சீனியை அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன.

இதைத் தடுக்க, வெள்ளி, துத்தநாக ஆக்சைடு ஆகியவற்றின் நானோ துகள்களைப் பிசினில் கலந்து ஆராய்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நானோமீட்டர். துகள் சிறுக்கச் சிறுக்க, அதே எடைக்கு மேற்பரப்பு கூடும்; எனவே சிறிதளவே போதும். வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் செல் சவ்வைச் சிதைக்கின்றன. ஆனால் வெள்ளி அதிகமானால் அடைப்பு கறுக்கும், உறுதியும் குறையலாம். அளவைப் பிடிப்பதுதான் சவால்.

அதுவரை என் பல்லுக்குக் காவல் ஃபுளோரைடு பற்பசையும் இரவுத் துலக்கலும்தான். தே தாரிக்கிலும் சீனியைக் குறைத்துவிட்டேன்.