கடல் மீன் தொட்டி: முதலில் வாங்க வேண்டியது எது?

நன்னீரில் வண்ண மீன் வளர்த்துப் பழகியவர்களுக்கு அடுத்து எழும் ஆசை கடல் மீன் வளர்ப்பதுதான். புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் விளக்கு, அலங்காரக் கல், மீன் என்று கண்ணுக்குத் தெரிவதையே முதலில் வாங்குகிறார்கள். ஒரு மாதத்திற்குள் மீனும் போகிறது, பணமும் போகிறது. திறந்த கடலில் உப்பும் வெப்பமும் சட்டென்று மாறுவதில்லை. அந்த நிலையைத் தொட்டியிலும் காக்க உதவும் கருவிகளே முதல் தேவை.

தொட்டி

சிறிய தொட்டி சிக்கனமானது என்று எண்ண வேண்டாம். நீர் குறைந்தால் அதன் தன்மை விரைவில் மாறும். 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள தொட்டி தொடங்குவதற்கு ஏற்றது. இது சுமார் 180 லிட்டர் கொள்ளும். 10 மி.மீ. கண்ணாடி பாதுகாப்பானது. மொத்த எடை 200 கிலோவுக்கு மேல் போகும் என்பதால் உறுதியான மேசை வேண்டும். வெயில் படும் ஜன்னலோரம் கூடாது.

உப்பு அளவு

தொட்டிக்கு அடுத்தபடியாக வாங்க வேண்டியது உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர். ஹைட்ரோமீட்டரும் உதவும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதாவது ஒப்படர்த்தி 1.025 அளவில் இருக்க வேண்டும்.

நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. 160 லிட்டரில் 8 லிட்டர் வற்றினால் உப்பு 35 கிராமிலிருந்து ஏறத்தாழ 37 கிராமாக ஏறிவிடும். ஆகவே, வற்றிய அளவுக்குக் குளோரின் இல்லாத நன்னீரை அன்றாடம் ஊற்ற வேண்டும். கடல் நீரை ஊற்றினால் அந்த 8 லிட்டரிலேயே மேலும் 280 கிராம் உப்பு சேர்ந்துவிடும்.

உள்ளூர்களில் இருப்போர் மீன் தொட்டிக்கென விற்கும் கடல் உப்புக் கலவையை ஆர்.ஓ. நீரில் கரைத்துக் கொள்ளலாம். சமையல் உப்பு பயன்படாது. கடல் நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் முதலியவை அதில் போதிய அளவு இல்லை.

வெப்பம்

குளிர் நாட்டுப் புத்தகங்களில் ஹீட்டர் முக்கியமான கருவி. நம் சமவெளிகளில் பெரும்பாலும் அது தேவைப்படாது. கோடையில் நீரைக் குளிர்விப்பதுதான் பெரும்பாடு. 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் நல்லது. ஒரு வெப்பமானியும், நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசும் சிறு மின்விசிறியும் வாங்குங்கள். விசிறி ஓடும் நாட்களில் நீர் கூடுதலாக வற்றும் என்பதை மறக்கக் கூடாது.

கழிவு நீக்கம்

மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா நஞ்சு. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை தங்க செராமிக் வளையங்கள் நிறைந்த வடிகட்டி வேண்டும். அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதுவரை மீன் விடாமல், சிறிதளவு மீன் தீவனம் மட்டும் போட்டு வாருங்கள். சோதனைப் பெட்டியால் பார்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆனபின் மீன் விடலாம். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் வாங்க முடிந்தால் நீர் மேலும் தூய்மையாக இருக்கும்.

மின்சாரம்

உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் தேவை. ஒயரைப் பிளக்கை விடத் தாழ்வாக வளைத்து விட்டால் வழியும் நீர் பிளக்கிற்குள் போகாது. மின்தடையின்போது மீன் மூச்சுத் திணறாதிருக்க, பாட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மீன் தேர்வு

பவளப்பாறை, கடற்குதிரை ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. யார் விற்றாலும் வாங்காதீர்கள். பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடியுடன் தொடங்குங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் இம்மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்துள்ளது. இவை தொட்டி வாழ்க்கைக்குப் பழகியவை. கடல் சாமந்தி இல்லாமலும் வாழும்.

கையில் உள்ள பணம் எல்லாவற்றிற்கும் போதாதென்றால், விளக்கையும் அலங்காரத்தையும் தள்ளிப் போடுங்கள். உப்பு அளவியையும் சோதனைப் பெட்டியையும் ஆர்.சி.சி.பி.யையும் தள்ளிப் போடாதீர்கள்.