கணுக்கால் முறிவு: சுளுக்கென எண்ணி நடப்பவர் கவனத்துக்கு

பனிக்காலம் பிறந்ததும் எம்மவரிடையே வழுக்கி விழுவோரின் தொகை கூடிவிடுகிறது. அதிகாலையில் பத்திரிகை போடச் செல்பவரும், நள்ளிரவில் உணவகத்துச் சமையற்கட்டிலிருந்து வீடு திரும்புபவரும் உறைபனி மீது கால்வைத்தே ஆகவேண்டும். விழுந்தவர் எழுந்து, கணுக்காலைத் தடவிப் பார்த்து, சுளுக்குத்தான் என்று தாமே தீர்ப்புக் கூறிக்கொண்டு மறுநாளும் வேலைக்குச் செல்கிறார். ஒருநாட் சம்பளம் போய்விடுமே என்ற அச்சமும், மொழி புரியாத வைத்தியசாலையில் காத்துக்கிடக்க வேண்டுமே என்ற தயக்கமும் அதற்குக் காரணம். இதனை அலட்சியம் என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் இந்த மூட்டின் அமைப்பை அறிந்தோர் அத்தீர்ப்பை இலகுவில் ஏற்கமாட்டார்கள்.

முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு என்புகளின் நுனிகளும் கவைபோல் அமைய, அதனுள் தாலஸ் எனப்படும் சிறிய என்பு பொருந்தியிருக்கிறது. உடலின் பாரம் முழுவதும் அதன் வழியேதான் பாதத்தை அடைகிறது. தாலஸ் வெளிப்புறமாக 1 மில்லிமீற்றர் விலகினாலே மூட்டின் தொடுபரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்துவிடுகிறது என்று 1976 இல் றாம்சி, ஹமில்ரன் என்னும் ஆய்வாளர் இருவர் காட்டினர். முறிவு சீராகப் பொருத்தப்படாது ஆறினால், சில ஆண்டுகளில் குருத்தெலும்பு தேய்ந்து நடையே வேதனையாகிவிடுவதன் காரணம் இதுதான்.

மூட்டு விலகியிருந்தால் நிலைமை இன்னும் அவசரமானது. உள்ளிருந்து என்பு அழுத்துவதால் தோல் வெளிறி, குருதியோட்டம் இழந்து, அழுகிவிடக்கூடும். பாதம் குளிர்ந்தோ மரத்தோ போனால், கதிர்ப்படத்துக்குக் கூடக் காத்திராமல் வைத்தியர்கள் மூட்டை நேராக்குவர். தாலஸ் என்பில் தசை எதுவும் ஒட்டுவதில்லை. அதற்குக் குருதி செல்லும் வழிகளும் சொற்பம். அதன் கழுத்து முறிந்து, உடற்பகுதி மேல் மூட்டிலிருந்தும் கீழ் மூட்டிலிருந்தும் விலகிய நோயாளரில் 91 சதவீதத்தினருக்கு அந்த என்பு குருதியின்றி இறந்துபோனதை 1970 இல் ஹோக்கின்ஸ் என்ற வைத்தியர் பதிவு செய்தார். ஆறு முதல் எட்டு வாரங்களில் எடுக்கப்படும் கதிர்ப்படம் என்பு உயிருடன் உள்ளதா என்பதைக் காட்டவல்லது. நோவு குறைந்துவிட்டதென்று அந்தத் தவணையைத் தவறவிடலாகாது.

என்பு தோலைக் கிழித்து வெளிவந்தால் கிருமித்தொற்று பெரும் அபாயமாகும். லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் பெர்சிவல் பொட் 1756 இல் குதிரையிலிருந்து விழுந்து அவ்வாறு கால் முறிந்தார். எவரும் தம்மைத் தூக்க விடாது, கதவொன்றை வாங்குவித்து, அதில் தடிகளை அறைவித்துத் தம்மைச் சுமந்து செல்லச் செய்தார். காலைத் துண்டிக்க ஆயத்தங்கள் நடந்தவேளை அவருடைய பழைய ஆசான் வந்து தடுத்தார், கால் தப்பியது. கணுக்கால் முறிவொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவர் முறித்துக்கொண்டதும் அதுவேதான் என்று சிலர் எழுதுவது சரியன்று.

எப்போது வைத்தியசாலைக்குச் செல்வது? கனடாவின் ஒட்டாவாவில் உருவாகி 1992 இல் வெளியான விதியொன்று எளிமையானது. விழுந்தவுடனும் பின்னர் பரிசோதனையின்போதும் நான்கு அடி நடக்க இயலாவிட்டாலோ, கணுக்காலின் இருபுறப் புடைப்புகளில் ஒன்றின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தும்போது நோவெடுத்தாலோ கதிர்ப்படம் தேவை.

ஆனால் நீரிழிவினால் கால் உணர்ச்சி குன்றியவர்கள் இவ்விதியை நம்பலாகாது. எமது சமூகத்தில் நீரிழிவு மிகுதியென்பதால் இதனை அழுத்திக் கூறுகிறோம். அவர்களுக்கு முறிந்த காலும் நோவதில்லை, நடந்துவிடுகிறார்கள். நொறுங்கிய மூட்டு வீங்கிச் சூடேறிச் சிவந்து, இறுதியில் பாதத்தின் உருவமே சிதைகிறது. நரம்பு நோயாளரிடம் 1868 இல் பிரெஞ்சு வைத்தியர் சார்க்கோ விபரித்த நிலை இதுவே. சத்திரசிகிச்சை செய்தாலும் இவர்களின் புண் ஆறத் தாமதமாகும். கால் இழந்தவர்களும் உண்டு. ஆகவே பாரம் ஊன்றாதிருக்கும் காலத்தை வைத்தியர் நீட்டினால் முணுமுணுக்காதீர்கள். புகைப்போருக்கும் என்பு பொருந்தச் சுணங்கும்.

முறிவு நெரிவுப் பரியாரியாரின் எண்ணெயையும் பத்தையும் நாம் இகழவில்லை. கதிர்ப்படம் பார்த்த பின்பு அவை குறித்து யோசிக்கலாம். மூட்டு விலகிய காலை உருவி இழுப்பதற்கு இடமளிக்க வேண்டாம்.

பத்துக்கட்டு இட்ட பின்னர் மருந்துக்கும் அடங்காது நோவு ஏறிக்கொண்டே போனால், விரல்களை அசைக்கையில் உயிர்போகும் வேதனை எழுந்தால், கெண்டைக்கால் வீங்கினால், திடீரென மூச்சு வாங்கினால், விடியும்வரை காத்திராது அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். மொழி தெரியாதவர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். நீரிழிவு உண்டென்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.