மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பயணம்: இரவு தங்க இடம் தேர்ந்தெடுத்தல்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பினாங்குத் தீவுக்குப் போய்வர வேண்டும் என்னும் ஆசை நம்மில் பலருக்கு எழுகின்றது. நம் தோட்டப்புற இளைஞர்களுக்குக் கைக்கு எட்டிய வாகனம் மோட்டார் சைக்கிளே. எண்ணெய்ச் செலவு குறைவு. நண்பர் இருவர் நினைத்த நேரத்தில் புறப்பட்டுவிடலாம். புறப்படும்போது எதைப் பார்ப்பது, எங்கே உண்பது என்பதெல்லாம் பேசப்படும். இரவில் எங்கே தங்குவது என்னும் கேள்வி மட்டும் கடைசியில்தான் வரும். சிலர் அதையும் விட்டுவிட்டு, “அறைக்கு எதற்குக் காசு? இரவோடு இரவாகத் திரும்பிவிடலாம்” என்பர்.

இந்த எண்ணத்தை முதலில் ஆராய்வோம். ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். போய்வர 300 கிலோமீட்டர். பகலெல்லாம் வெயிலில் அலைந்த உடலோடு நள்ளிரவுக்குப் பின் அவ்வளவு தொலைவைக் கடப்பது சிறிய செயலன்று. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. காரோட்டி ஒரு நொடி கண்ணயர்ந்தால் அவரைச் சுற்றி இரும்புக் கூடாவது உண்டு. மோட்டார் சைக்கிளோட்டிக்குத் தலைக்கவசம் ஒன்றுதான் துணை. ஆகவே, அறை வாடகை என்பது நல்ல உறக்கத்திற்கு நாம் கொடுக்கும் விலை. அதனை வீண் செலவென்று எண்ணுதல் கூடாது.

சரி, தங்குவதென்று முடிவு செய்துவிட்டோம். எங்கே தங்குவது? காரில் வருகின்றவர் கட்டிலையும் குளியலறையையும் பார்த்து அறையைத் தேர்ந்தெடுப்பார். மோட்டார் சைக்கிளில் வருகின்ற நாமோ முதலில் வண்டிக்கு இடம் பார்க்க வேண்டும்; பிறகுதான் நமக்கு. இதற்குக் காரணம் உண்டு. நாம் ‘கப்சாய்’ என்று அழைக்கும் சிறிய மோட்டார் சைக்கிளை, ஆள் இல்லாத தெருவில் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி லாரியில் ஏற்றிவிடலாம். வண்டி தவணை முறையில் வாங்கியதாக இருந்தால், அது களவு போன பின்னரும் தவணை நம்மை விடாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருப்பவருக்குத் திருட்டுக்கு இழப்பீடும் கிடைக்காது. அந்த வண்டியில்தானே மறுவாரம் வேலைக்குப் போக வேண்டும்?

இனி, தங்குவதற்குரிய பகுதிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, ஜார்ஜ் டவுனின் பழைய நகர்ப்பகுதி. 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மலாக்காவோடு சேர்த்து இந்நகரை யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் ஏற்றது. சூலியா தெருவிலும் அதன் கிளைத் தெருக்களிலும் மலிவான விடுதிகள் பல உள்ளன. அவற்றுள் பல முன்னாளில் கடைவீடுகளாக இருந்தவை. நெடுங்காலம் நடப்பில் இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிவுற்றது. பழைய குடியிருப்பாளர் பலர் வெளியேற, கடைவீடுகள் பல விடுதிகளாக மாறின. இங்கே தங்குவதில் நன்மை உண்டு. 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1833இல் எழுந்த குயின் தெரு மகாமாரியம்மன் ஆலயம், லிட்டில் இந்தியாக் கடைத்தெரு ஆகிய எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம்.

ஆயினும், கடைவீட்டின் அமைப்பை நாம் மறந்துவிடலாகாது. முகப்புக் குறுகலானது, உள்ளே நீளம் அதிகம். முன்னால் அஞ்சடி, அதற்கு அடுத்தது சாலை. முற்றமோ வேலியிட்ட வாசலோ கிடையாது. ஆகவே வண்டி பெரும்பாலும் தெருவோரத்தில்தான் நிற்கும். நடுப்பகுதி அறைகள் பலவற்றுக்குச் சன்னல் இராது. மழையில் நனைந்த துணி அங்கே உலராது. பலகைத் தளமாக இருந்தால் மேல்மாடிக் காலடி ஓசையும் கேட்கும்.

இரண்டாவது, கொம்தார் கட்டடத்தைச் சுற்றிய பகுதியும், அதற்கப்பால் உள்ள மெக்கலிஸ்டர் சாலை, பர்மா சாலைப் பகுதிகளும். இங்கே பிற்காலத்தில் எழுந்த மாடிக் கட்டட விடுதிகள் உண்டு. அவற்றுள் சிலவற்றில் காவலாளியும் கூரையும் உள்ள வாகன நிறுத்துமிடம் இருக்கும். வாடகை சற்றுக் கூடலாம். ஆனால் கார்களை மட்டுமே உள்ளே விட்டு, மோட்டார் சைக்கிள்களை வாசலிலேயே நிறுத்தச் சொல்லும் விடுதிகளும் உண்டு. இதனை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பத்து ஃபிரிங்கி கடற்கரை. கடலில் குளிப்பதே நோக்கமானால் அங்கே தங்கலாம். நகரைச் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அது ஏற்றதன்று. நகரிலிருந்து அது ஏறத்தாழ 15 கிலோமீட்டர். தஞ்சோங் பூங்காவைத் தாண்டியதும் சாலை மலையடிவாரத்தை ஒட்டி வளைந்து வளைந்து செல்கின்றது. இரவு உணவுக்கு நகருக்கு வந்து, மழை ஈரத்தில் அவ்வளைவுகளில் திரும்புவதை நாம் தவிர்ப்பது நன்று.

நான்காவது, தீவுக்குப் போகாமல் பட்டர்வொர்த்திலேயே தங்குவது. பாதுகாப்பான இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, ஃபெர்ரியில் கால்நடைப் பயணியாகத் தீவுக்குப் போய்வரலாம். இறங்கியவுடன் பழைய நகர் நடை தூரத்தில் இருக்கும். தீவுக்குள் சுற்ற ரெபிட் பினாங்குப் பேருந்துகள் உள்ளன. கடைசி ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வரும் வழியும் இடத் தேர்வைப் பாதிக்கும். 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ளது. அது நம்மைக் குளுகோரில் சேர்க்கும். 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர் நீளமுள்ளது. பத்து காவானிலிருந்து புறப்பட்டுத் தீவின் தென்பகுதியான பத்து மாவுங்கில் அது முடிகின்றது; அங்கிருந்து ஜார்ஜ் டவுனுக்கு இன்னும் நெடுந்தூரம் ஓட்ட வேண்டும். 2019ஆம் ஆண்டு முதல் இவ்விரு பாலங்களிலும் மோட்டார் சைக்கிள்களுக்குக் கட்டணம் இல்லை. பாலத்தின் நடுவே மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்குவது கடினம். கடற்காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். 2023இல் பணியில் இறங்கிய புதிய ஃபெர்ரிகள் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்கின்றன. மழை கறுத்த வேளையில் நகருக்குள் தங்குபவர்க்கு அதுவே நல்வழி. எப்படிப் போனாலும், பிற்பகல் மழைக்கு முன்பே விடுதியை அடையுமாறு காலையில் புறப்படுவோம்.

தைப்பூசக் காலத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீர்மலைக்கு இரதம் செல்லும் சாலைகள் அடைக்கப்படும். அவற்றின் உட்பகுதியில் தங்கினால் வண்டியை வெளியே எடுப்பது கடினம். அறைகளும் முன்கூட்டியே நிறைந்துவிடும்.

முன்பதிவு செய்வதற்கு முன், கைத்தொலைபேசியில் அழைத்து இவற்றைக் கேட்போம். மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்துவது? அவ்விடத்திற்குக் கூரையும் பூட்டும் உண்டா? இரவில் ஆள் இருப்பாரா? அறைக்குச் சன்னல் உண்டா? முன்பணம் எவ்வளவு? பதில் தெளிவாக வராத விடுதியை விட்டு வேறொன்றைப் பார்ப்போம்.

செலவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். தெருவோரத்தில் வண்டி நிற்கும் அறைக்கு 60 வெள்ளி, பூட்டிய வளாகமுள்ள விடுதி அறைக்கு 80 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 20 வெள்ளி. நண்பர் இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 10 வெள்ளிதான். வண்டியின் விலையோ சில ஆயிரம் வெள்ளி. வேறு வழியின்றித் தெருவில் நிறுத்த நேர்ந்தால், வெளிச்சமுள்ள இடத்தில், அசையாத கம்பத்தோடு சங்கிலியால் பிணைத்துப் பூட்ட வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகள் இப்படிப் புறப்படும்போது, “எப்போது வருவாய்?” என்று மட்டும் கேட்கின்றோம். “இரவில் எங்கே தங்குகின்றாய்? வண்டி எங்கே நிற்கும்?” என்றும் கேட்போம். கையில் பணம் குறைந்திருந்தால், அறைக்கென்று ஒரு சிறு தொகையைத் தனியே கொடுத்தனுப்புவோம். இரவில் நன்கு உறங்கி எழுந்தவன் மறுநாள் பகல் வெளிச்சத்தில் பத்திரமாக வீடு வந்து சேர்வான்.