சக்கரத்தின் வெப்பம்

தொடர்வண்டி தடம்புரண்டது எனக் கேட்டதும் நம் எண்ணம் தண்டவாளத்தின் மீதே செல்கிறது. கோடை வெப்பத்தில் நெளிந்த தண்டவாளமும் விரிசல் கண்ட பற்றவைப்பும் வண்டியைக் கவிழ்ப்பது உண்மையே. ஆயினும், குறை வண்டியிலும் இருக்கலாம். சக்கர அச்சின் முனையைத் தாங்கும் ‘பேரிங்’ என்னும் உருளைத் தாங்கி அத்தகைய ஓர் உறுப்பு. அது பழுதுற்றால் உராய்வு மிகும், வெப்பம் ஏறும், மசகு கெடும், அதனால் வெப்பம் மேலும் ஏறும். இறுதியில் அச்சுமுனையே முறிந்துவிடும்.

நீண்ட சரக்கு வண்டியின் நடுவே நிகழும் இம்மாற்றத்தை முன்னே அமர்ந்திருக்கும் ஓட்டுநர் அறிய இயலாது. பாதையோரத்தில் இருப்பவர்தாம் அறிய முடியும். நம் நாட்டில் கடவுக் காப்பாளர் கொடியுடன் நிற்பதைச் சடங்கு எனப் பலரும் எண்ணுகின்றனர். கடந்து செல்லும் பெட்டிகளில் புகையோ தீப்பொறியோ தெரிகிறதா என நோக்குவது அவர் கடமை. அமெரிக்காவில் இப்பணியைப் பெரிதும் வெப்பமறி கருவிகள் செய்கின்றன.

2023 பிப்ரவரி 3 அன்று இரவு, 149 பெட்டிகளுடன் ஒகையோ மாநிலத்தில் ஒரு சரக்கு வண்டி சென்றுகொண்டிருந்தது. அதன் ஒரு தாங்கி, சுற்றுப்புறத்தைவிட 21 டிகிரி செல்சியஸ் மிகுதியாகச் சூடேறியிருந்ததை முதற்கருவி பதிவுசெய்தது. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தாண்டி, சேலம் என்னும் ஊரில் (நம் சேலம் அன்று!) அது 57 டிகிரியானது. ஓட்டுநருக்கு எச்சரிக்கை செல்லவில்லை. அடுத்த கருவியோ 32 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குப் பாலஸ்தீன் என்னும் சிற்றூரில் இருந்தது. அங்கே 141 டிகிரி காட்டி எச்சரிக்கை ஒலித்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்த முனைந்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 38 பெட்டிகள் தடம்புரண்டன; தீயும் பற்றியது.

எவரும் உயிரிழக்கவில்லை. எனினும், வினைல் குளோரைடு ஏற்றிய ஐந்து பெட்டிகள் வெடிக்கக்கூடும் என அஞ்சி, மூன்று நாள்களுக்குப் பின் அவ்வேதிப்பொருளைத் திறந்துவிட்டு எரித்தனர். கரும்புகை வானை மூடியது. மக்கள் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவ்வாறு எரித்திருக்கவே தேவையில்லை என அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர்க் கண்டறிந்தது.

கருவி பழுதாகவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. அது தாங்கியின் புறப்பரப்பை மட்டுமே அளந்தது. அகத்தே வெப்பம் அதனினும் மிகுந்திருந்தது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு கருவி அமைப்பது என்பதற்கு அன்று அந்நாட்டு நடுவண் அரசின் விதி ஏதும் இல்லை; தொடர்வண்டி நிறுவனங்களே அதனை முடிவுசெய்தன.