வலிக்காத கட்டியும் அறுபது நாள் கெடுவும்

மார்பில் தட்டுப்படும் கட்டி வலித்தால் எந்தப் பெண்ணும் மறுநாளே மருத்துவரைப் பார்த்துவிடுவார். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வில்லங்கமே அங்குதான். "வலிக்கலையே, பால் கட்டியிருக்கும்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. "ஆடித்தபசு முடியட்டும், போகலாம்" என்பார் மாமியார். பிள்ளைகளின் பரீட்சை, தீபாவளி, பொங்கல் என்று நாள் நகரும். கட்டி வளரும்.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் இந்தத் தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண் ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. விடியும் முன்னே பூ மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவருக்கும், சுற்றுக் கிராமங்களில் பீடி சுற்றுகிறவருக்கும் அதே கதைதான். 2019-ல் தென்காசி தனி மாவட்டமானாலும் அதற்கென்று ஒரு அரசு மருத்துவக் கல்லூரி வரவில்லை. பெரிய வைத்தியம் என்றால் சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி, திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் மதுரை, அல்லது மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம்.

2022-ல் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் பேருக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 6.7 லட்சம். இந்தியாவில் புதிய நோயாளிகள் சுமார் 1.92 லட்சம், இறப்பு 98 ஆயிரம். புதிய நோயாளிகளோடு ஒப்பிட்டால், உலகக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் இறப்பு நம் நாட்டில் பாதியைத் தொடுகிறது. நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருவது இதற்கு முக்கியமான காரணம். இதைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2021-ல் மூன்று இலக்குகளை வைத்தது. நோயாளிகளில் 60 சதவீதம் பேரையாவது முதல் இரண்டு நிலைகளிலேயே கண்டுபிடிக்க வேண்டும். மருத்துவரை முதலில் பார்த்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் என்ன என்று உறுதியாக வேண்டும். 80 சதவீதம் பேராவது சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடிக்க வேண்டும். நடுவில் இருக்கும் அந்த 60 நாள் கெடுவை ஒவ்வொரு குடும்பமும் காலண்டரில் குறித்துக்கொள்ளலாம். மருத்துவமனையிடம் கேட்பதற்கும், தங்களைத் தாங்களே முடுக்கிக்கொள்வதற்கும் அது உதவும்.

எதைக் கண்டால் போக வேண்டும்? மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோல் குழிந்து இழுபடுவது, ஆரஞ்சுப் பழத் தோல்போலத் துளைகள் தெரிவது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, ஆறாத புண். இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்பது ஆறுதலான உண்மைதான். ஆனால் எது சாதாரணக் கட்டி, எது இல்லை என்பதைத் தொட்டுப் பார்த்து வீட்டில் யாரும் முடிவுசெய்ய முடியாது. ஆண்களுக்கும் இந்த நோய் வரும், அரிதாக.

சங்கரநாராயணர் கோயிலின் புற்றுமண்ணைப் பிரசாதமாக வாங்கி உடம்பில் பூசுவது இந்த வட்டாரத்தில் தலைமுறைகளாக உள்ள வழக்கம். அங்குள்ள கோமதி அம்மனை வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. வேண்டிக்கொண்ட அதே வாரத்தில் அரசு மருத்துவமனைக்கும் போக வேண்டும். தோல் உடைந்து புண்ணாகியிருந்தால் அதன்மேல் மண்ணோ, பச்சிலையோ, மஞ்சளோ வைக்கக் கூடாது. கிருமித் தொற்று ஏறி வைத்தியம் இன்னும் தள்ளிப்போகும். "ஆபரேஷன் இல்லாமல் புற்றுநோயைக் குணப்படுத்துகிறோம்" என்று மருந்து விற்கும் விளம்பரங்கள் வேறு வகை. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி நோட்டீஸ் கைக்கு வந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கோ காவல் நிலையத்துக்கோ புகார் கொடுக்கலாம்.

சுயபரிசோதனை செய்தால் போதும் என்று மேடைகளில் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது போதாது என்பதைக் காட்டியவர்கள் சீனாவின் ஷாங்காய் நகரத்து ஜவுளி ஆலைப் பெண்கள். 1989 தொடங்கி அங்கே 2,66,064 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சுயபரிசோதனையைத் திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள். 2002-ல் வெளியான இறுதி முடிவின்படி, இரு பிரிவிலும் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கிய ஆய்வு வேறு வழியில் போனது. குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த சுமார் ஒன்றரை லட்சம் பெண்களில் பாதிப் பேரின் மார்பைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதித்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடையே இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்த அளவு பலன் தெரியவில்லை. நமக்கு அடுத்துள்ள திருவனந்தபுரத்தில் 2006-ல் தொடங்கிய ஆய்விலும், இப்படிப் பரிசோதிக்கப்பட்ட பிரிவில் 43.8 சதவீத நோயாளிகள் தொடக்க நிலையிலேயே சிக்கினார்கள். மற்ற பிரிவில் 25.4 சதவீதம்தான். ஸ்கேன் மெஷின் இல்லாத ஊரிலும் ஒரு செவிலியரின் பழகிய விரல்கள் இவ்வளவு செய்கின்றன. தமிழ்நாட்டில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இந்தப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இலவசம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்கப் போகும் நாளிலேயே கேட்டுச் செய்துகொள்ளலாம். ஆண் மருத்துவர் பரிசோதித்தால் உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பது நோயாளியின் உரிமை.

சந்தேகம் வந்தால் ஸ்கேன் அல்லது மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, அதன்பின் ஊசி மூலம் சதைப் பரிசோதனை. "ஊசி பட்டால் பரவிடும்" என்ற பயம்தான் பல பெண்களை இந்த இடத்தில் ஊருக்குத் திருப்பி அனுப்புகிறது. ஊசியால் நோய் பரவிவிடாது. ஊசி போடாமல் கடத்தும் மாதங்களில்தான் பரவும். எடுத்த சதையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 என்ற மூன்றையும் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். எந்த மருந்து என்பது அதை வைத்தே முடிவாகிறது. மார்பை முழுவதும் எடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு, அதாவது நம் ஊர்ப் பேச்சில் 'கரண்ட்', கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இருபது ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் 2002-ல் காட்டின.

அடுத்து பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதியலாம். கட்டி தட்டுப்பட்ட வாரமே இதை முடித்துவிடுவது நல்லது. ஆபரேஷன் தேதி குறித்த பிறகு அலைந்தால் கெடு நாட்கள் வீணாகும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவும் கொடுக்கலாம். பீடி கார்டு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் தொழிலாளர் நலத் திட்டத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவி உண்டு. ஆலையில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்குச் சிகிச்சையோடு நீண்டகால நோய்க்கான ஊதிய உதவியும் கிடைக்கும். தறிக்கூடங்களில் பலர் ஈ.எஸ்.ஐ. இல்லாமலே வேலை செய்கிறார்கள் என்பதுதான் வேதனை.

சங்கரன்கோவிலில் நிற்கும் பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே இல்லை. துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதச் சலுகை. மருத்துவமனை தரும் சான்றை ரயில்வே படிவத்தில் வாங்கிக் கவுண்டரில் காட்ட வேண்டும். இது தெரியாமல் முழுக் காசு கொடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டுகளை ஒரு பைலில் தேதி வரிசையில் வைப்பது பாதி பலம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகள் சொல்கின்றன. கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் கவனக்குறைவால் பாதிப்பு நேர்ந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

ஆராய்ச்சி என்றாலே லட்சக்கணக்கில் விலையுள்ள மருந்து என்று நினைக்க வேண்டியதில்லை. டாடா நினைவு மருத்துவமனை 11 இந்திய மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வில், அறுவைக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றி லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினார்கள். ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் அந்தப் பிரிவில் 90.1 சதவீதம், மருந்து செலுத்தாத பிரிவில் 86.4. மருந்தின் செலவு நூறு ரூபாய்க்குள். 2023-ல் வெளியான இந்த முடிவைப் பற்றி அறுவை மருத்துவரிடம் யாரும் கேட்கலாம்.

சிகிச்சை முடிந்ததும் விசாரிப்பு நின்றுவிடுகிறது. அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கை வீங்கலாம். குடம் தூக்குகிற, தறியில் நின்று கையை நீட்டுகிற பெண்ணுக்கு அது பெரிய விஷயம். வீக்கம் கண்டதும் கைப் பயிற்சிக்கு இயன்முறை மருத்துவரைக் கேட்க வேண்டும். ஹார்மோன் வகை நோய்க்குத் தமாக்ஸிபென் மாத்திரையை ஐந்து முதல் பத்து ஆண்டு வரை விழுங்க வேண்டும். மலிவான மாத்திரைதான், ஆனால் உடம்பு தேறியதும் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். அறுவையில் மார்பை இழந்தவர்களுக்காக நிட்டட் நாக்கர்ஸ் இந்தியா என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் நூலால் மென்மையாகப் பின்னிய செயற்கை மார்பகங்களை இலவசமாகத் தருகிறார்கள். நூலோடு பழகிய கைகள் இத்தனை உள்ள சங்கரன்கோவிலில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதைக் கற்றுக்கொள்ள முடியும்.

அக்டோபரில் ஊர்தோறும் இளஞ்சிவப்பு நாடாவோடு பேரணிகள் நடக்கின்றன. நல்லதுதான். பேரணி முடிகிற இடத்தில் திரை கட்டிய ஒரு அறை, பயிற்சி பெற்ற செவிலியர், திருநெல்வேலிக்குப் பரிந்துரைச் சீட்டு, சீட்டு வாங்கியவர் போனாரா என்று அடுத்த வாரம் வீட்டுக்கே போய்க் கேட்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலர் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். நோயிலிருந்து மீண்ட ஒருவரும் அங்கே உட்கார்ந்திருந்தால், "முடி திரும்ப முளைக்குமா" என்பதிலிருந்து "வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது" என்பது வரை மருத்துவரிடம் கேட்கத் தயங்குவதை அவரிடம் கேட்பார்கள். தறிக்கூட முதலாளிகளை, அந்த ஒரு நாள் கூலியைப் பிடிக்காமல் பெண்களை அனுப்புவதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வைப்பது நிகழ்ச்சி நடத்துகிறவர்களின் முதல் வேலை.