கூடு விட்டுக் கூடு பாயும் விளையாட்டுகள்

ஒரு மொழியிலுள்ள நூலைப் பிறிதொரு மொழியிற் பெயர்ப்போர் சொல்லுக்குச் சொல் வைப்பின் பொருள் சிதையும் என்பது தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததே. கணிப்பொறிச் செயலிகளுக்கும் இது பொருந்துமாற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

கேம்பிரிட்ஜ் மாணவராயிருந்த காலத்து டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இருவர் இயற்றிய ‘எலைட்’ என்னும் விண்வெளி வாணிக விளையாட்டு, 1984ஆம் ஆண்டில் பிபிசி மைக்ரோ பொறிக்கென வெளிவந்தது. அப்பொறியின் செயலி 6502. நினைவகம் 32 கிலோபைட்டே. 1985இல் அவ்விளையாட்டு இசட்-80 செயலி பூண்ட ஸ்பெக்ட்ரம் பொறியிற் புகுந்தது. செயலியின் கட்டளைகளையே நேரே எழுதுவது அசெம்பிளி மொழி. ஆதலின் ஒரு செயலிக்கு எழுதியது மற்றதில் இயங்காது.

6502க்குப் பணிக்குரிய பதிவகங்கள் மூன்றே. அக்குறையை நிரப்ப, நினைவகத்தின் முதல் 256 பைட்டுகளை விரைந்தெட்டும் வழி அதற்குண்டு. இசட்-80க்கோ பதிவகங்கள் பல. இரண்டிரண்டாய் இணைந்து 16 பிட் எண்ணையும் அவை தாங்கும். வரிக்கு வரி பெயர்ப்பின், புதிய செயலி தன் பதிவகங்களை வாளா விட்டு நினைவகத்திற்கே ஓயாது நடக்கும். பிபிசி மைக்ரோவின் துடிப்பு விநாடிக்கு 20 இலட்சம். ஸ்பெக்ட்ரத்தினது 35 இலட்சம். எனினும் பின்னதே விரைவுடையதென எண்ணற்க. மிகச் சிறிய கட்டளைக்கு முன்னது கொள்வது 2 துடிப்பு, பின்னது கொள்வது 4.

இனி, விரைவுபடுத்தும் முறையொன்றைக் காண்பாம். ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகள் பல, படத்தை நினைவகத்தின் ஒருபால் வரைந்து பின்னர்த் திரைக்குப் படியெடுக்கும். நிறங்கள் நீங்கலாகத் திரை 6,144 பைட்டு. ‘எல்டிஐஆர்’ என்னும் ஒரே கட்டளை அதனை முடிக்கும். ஆயின் பைட்டுக்கு 21 துடிப்பாக ஏறக்குறைய 1,29,000 துடிப்பு செல்லும். ‘எல்டிஐ’ என்பதை வரிசையாய் எழுதிவைப்பின் பைட்டுக்கு 16 துடிப்பே. ஏறக்குறைய 98,300இல் முடியும். ஆனால் அக்கட்டளை ஒவ்வொன்றும் 2 பைட்டு இடங்கொள்ளும். காலத்தைப் பெற இடத்தைக் கொடுக்கும் வாணிகம் இது. ஆதலின் பதினாறு கட்டளைகளை மட்டும் எழுதி, அவற்றையே மீளமீள இயக்குதல் நடுவழியாம்.

இவ்வளவு செய்தும், திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும் இடைவெளி 69,888 துடிப்பே. வேலை அதனுள் அடங்காது. அடங்கச் செய்வது, மாறிய பகுதியை மட்டும் படியெடுத்தல். செய்யாதொழிந்த வேலையினும் விரைவான கட்டளை யாதுமில்லை.

நிற்க. விரைவு மட்டுமே நோக்கமன்று. பகைக்கலம் மிக விரையினும் மிகத் தளரினும் அது வேறு விளையாட்டாய்விடும். பழம்பொறியில் ஆடியவன் புதியதிலும் கைவைத்த அளவில் ‘அதுவே இது’ என உணர்தல் வேண்டும். கட்டளைகள் யாவும் மாறலாம், அவ்வுணர்ச்சி மாறலாகாது. நல்ல மொழிபெயர்ப்பின் இலக்கணமும் இதுவே என்பது எம் துணிபு.