துண்டுக்குள் பேசிய விலை

பொள்ளாச்சி, ஈரோடு கருங்கல்பாளையம், மணப்பாறை என்று எந்த மாட்டுச் சந்தைக்குப் போனாலும் முன்பெல்லாம் இந்தக் காட்சி கண்ணில் படும். விற்பவரும் தரகரும் எதிரெதிரே நின்று கையைப் பிடித்திருப்பார்கள். கைமேல் ஒரு துண்டு கிடக்கும். வாய் மழையைப் பற்றியோ சோளத்தட்டு விலையைப் பற்றியோ பேசும். மாட்டின் விலையை விரல்கள் பேசிக்கொண்டிருக்கும்.

தரகர் எதிராளியின் நாலு விரல்களைச் சேர்த்து அழுத்தினால் நாலு. அது நாலாயிரமா நாற்பதாயிரமா என்பதை மாட்டின் பல்லையும் சுழியையும் மடியையும் பார்த்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுப்படியாகாவிட்டால் விவசாயி கையை உருவிக்கொள்வார். தரகர் விடாமல் இழுத்துப் பிடித்து இன்னொரு விரலைச் சேர்ப்பார். விரல் விலை சொல்லும்போது தரகரின் கண் விவசாயியின் முகத்தை விட்டு நகராது. பிடித்த கை இறுகுகிறதா, தளர்கிறதா, பார்வை மாட்டின் பக்கம் போகிறதா? இதையெல்லாம் படிக்கத் தெரியாதவருக்குத் தரகுத் தொழில் ஒத்துவராது. அடுத்தவர் பேசுவதைக் கவனித்துக் கேட்க இன்று பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். அந்தப் பாடத்தைப் புழுதியில் நின்று படித்தவர்கள் இந்தத் தரகர்கள்.

அந்தத் துண்டு காப்பாற்றியது விற்பவரின் மானத்தை. மகள் கல்யாணத்துக்காகவோ, வறட்சியில் தீவனம் வாங்க வழியில்லாமலோ மாட்டை ஓட்டிவந்தவர் எவ்வளவு இறங்கினார் என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. பேரம் முறிந்தாலும் அடுத்த வியாபாரியிடம் தலைநிமிர்ந்து புதிதாகத் தொடங்கலாம். தரகரின் கள்ளத்தையும் அதே துண்டுதான் மூடியது. வாங்குபவரிடம் ஒரு விலை, விற்பவரிடம் ஒரு விலை பேசி நடுவில் அமுக்கிய பணம் ஏழைகளின் வயிற்றில் அடித்த பணம்.

இப்போது பெரும்பாலும் வாய்விட்டே விலை பேசுகிறார்கள். சந்தைக்கு வராமலேயே விற்றுப்போகும் மாடுகளும் உண்டு. 2020 ஊரடங்கில் சந்தைகள் மூடிக் கிடந்த மாதங்களில் பலருக்குக் கைபேசியே சந்தையானது. மாட்டை நாலடி நடத்தி, பல்லைப் பிடித்துக் காட்டி, காது வில்லையில் உள்ள 12 இலக்க எண்ணும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். நாலு ஊர் விலை தெரிந்திருப்பதால் விவசாயியை ஏய்ப்பது முன்போல எளிதாக இல்லை. இது பெரிய விடுதலை.

ஆனால் 'கடைசி விலை?' என்று வந்து விழும் குறுஞ்செய்திக்கு முகம் கிடையாது. கேட்டவர் தவிப்போடு கேட்கிறாரா, பொழுது போகாமல் கேட்கிறாரா என்று தெரியாது. பதில் போடத் தாமதித்தால், விற்பவர் யோசிக்கிறார் என்று அந்தப் பக்கம் புரிந்துகொள்ளவும் வழியில்லை. அதற்குள் கேட்டவர் அடுத்த மாட்டுக்குப் போய்விடுகிறார். இறக்கிச் சொன்ன விலை குழுவில் எல்லார் கண்ணிலும் படுகிறது.

இருந்தாலும் பழைய பேரத்தை நினைத்து ஏங்க என்னால் முடியவில்லை. விடியலில் சாணி அள்ளி, தீவனம் வைத்து, பால் பீச்சி மாட்டை வளர்த்தவள் பெண். ஊர் பார்க்க ஓர் ஆண் தரகரின் கையைப் பிடித்து அவள் விலை பேசியிருக்க முடியுமா? அவள் வளர்த்த மாட்டுக்கு வீட்டு ஆண் வாங்கிவந்ததே விலை. இன்று அவளே கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தொழுவத்தில் நிற்கிறாள். "ரெண்டாம் ஈத்துங்கண்ணா, வேளைக்கு ஆறு லிட்டர் கறக்குது. நேர்ல வந்து கறந்து பாத்துட்டு விலை சொல்லுங்க" என்கிறாள்.